ஆம் வாசலில் அறுபத்தொன்றாவது ஆள்

வாசலக்காவைப் பற்றிச் சொல்வதானால் அவளுடைய குரலில்தான் ஆரம்பிக்க வேண்டும். பிறந்த அன்று அவள் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வார்டில் தூங்கிக்கொண்டிருந்த மற்ற ஆறு குழந்தைகளும் விழித்துக்கொண்டு அழுதனவாம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது அவள் "உள்ளேன் ஐயா" என்றால் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். "கொஞ்சம் மெதுவாத்தான் பேசேண்டி, உன்னைக் கட்டிக்கப் போறவன் காது என்னத்துக்கு ஆகும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அண்ணன் ஒருவன்தான் அந்தக் குரலுக்குப் பரிந்து பேசுவான். "விடும்மா, அதுதான் அவ சொத்து" என்பான்.

சொத்துதான். பஸ் நிலையத்தின் விசாரணை ஜன்னலில் அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒலிபெருக்கி கெட்டுப்போயிற்று. "ரெண்டு நாளைக்கு நீயே கத்திச் சொல்லிடும்மா" என்றார் மேலாளர். எந்த பஸ் எந்த மேடை என்று அவள் கத்தினாள். ஜனங்கள் ஓடிப் போய் ஏறினார்கள். அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்த ஒலிபெருக்கியை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவள்தான் இருக்கிறாளே, பிறகு எதற்கு ஒலிபெருக்கி?

நாடாளுமன்றத்தில் வாசல் காப்பாளர் வேலை காலியாக இருக்கிறது என்று செய்தித்தாளில் பார்த்து, இவள் பெயரில் விண்ணப்பம் எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிப் போட்டவனும் அந்த அண்ணன்தான். தேர்வுக்கு ஏழு ஆண்கள் வந்திருந்தார்கள். நீளமான தாழ்வாரத்தின் ஒரு கோடியில் நின்று இரண்டே சொல் சொல்ல வேண்டும். மறுகோடியில் உட்கார்ந்திருக்கும் செயலாளருக்கு அது தெளிவாகக் கேட்க வேண்டும். எட்டாவதாக இவள் நின்று "ஆம் வாசல்" என்றாள். செயலாளர் கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. சட்டையைத் துடைத்தபடியே உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அந்த மன்றத்தில் ஓட்டெடுப்பு நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது புரியாது. பொத்தான் அமுக்குவது, கை தூக்குவது எல்லாம் அங்கே கிடையாது. மணி ஐந்து நிமிஷம் அடிக்கும். ஓய்ந்ததும் வெளிக்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். உறுப்பினர்கள் எழுந்து நடக்க வேண்டும். தீர்மானத்துக்கு ஆதரவு என்றால் வடக்கே ஆம் வாசல். எதிர்ப்பு என்றால் தெற்கே இல்லை வாசல். படியைத் தாண்டினால் ஓட்டுப் போட்டாயிற்று, திரும்பி வர முடியாது. எந்தக் காலத்திலோ ஒரு அமைச்சர் பக்கத்தில் வந்தவரோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே போய் தன் அரசாங்கத்துக்கு எதிரான வாசலில் நுழைந்துவிட்டாராம். அந்த ஒரு ஓட்டில் ஆட்சியே கவிழ்ந்ததாம். அன்றைக்குப் போட்ட விதிதான் 'வாசல் சொல்லுதல்'. வாசலில் நிற்கும் காப்பாளர், படியைத் தாண்டப்போகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, உரக்க, அந்த வாசலின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரியோ மிரட்டுகிற மாதிரியோ ஆகிவிடுமாம். கண் படியிலேயே இருக்க வேண்டும்.

பத்தொன்பது வருஷம் படியையே பார்த்து நின்றதில் வாசலக்காவுக்கு உறுப்பினர்களை முகத்தை வைத்துத் தெரிவதை விடக் காலை வைத்துத்தான் நன்றாகத் தெரியும். நிதியமைச்சருக்கு இடது குதிகால் தேய்ந்த கறுப்பு ஷூ. சுகாதார அமைச்சர் அம்மாவுக்கு நடக்கும்போது கீச்சென்று கத்தும் செருப்பு. மூன்றாம் வரிசைப் பெரியவருக்கு எப்போதும் பழுப்பு கான்வாஸ் ஷூ. ஒரு பக்கத்து நாடா அவிழ்ந்து தரையைக் கூட்டிக்கொண்டே வரும். யார் எந்தக் கட்சி, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்குச் செருப்புக் கணக்கில் அத்துப்படி. 'வாசலக்கா' என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் அந்த உறுப்பினர்கள்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

இனி அக்கரை. கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். யோக்கியமான நாடு என்று அதை அதன் நண்பர்கள்கூடச் சொன்னதில்லை. பத்திரிகைக்காரர்களை உள்ளே தள்ளும். பக்கத்து நாட்டு நிலத்தில் வேலி போடும். கடலில் தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டி வந்த கப்பலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவனாக இருந்தவன் வாசலக்காவின் அண்ணன். எஞ்சின் நின்றுபோய், கப்பல் அலை இழுத்த பக்கம் போய்க் கோட்டைத் தாண்டியது. பதினோரு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் ஆயிற்று. நாலு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அதிலும் பாதி வரிகள் மேல் கறுப்பு மை பூசியிருக்கும். அண்ணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மைக்கு அடியில் ஏதாவது தெரிகிறதா என்று கண் வலிக்கப் பார்ப்பாள்.

இந்த நாட்டோடு உறவு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதில்தான் நம் கட்சிகளின் கூத்து. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தராசுக் கட்சி ஆண்டது. அக்கரையோடு பேச வேண்டும், தூதரகம் திறக்க வேண்டும் என்றது. எதிர்வரிசையில் இருந்த குடைக் கட்சி, "கொலைகாரனோடு கைகுலுக்கலா?" என்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மேஜையைத் தட்டு தட்டென்று தட்டியது. தீர்மானம் தோற்றது. இப்போது குடைக் கட்சி ஆள்கிறது. அக்கரைத் துறைமுகம் இல்லாமல் நம் கப்பல்கள் சுற்றிப்போக வேண்டியிருக்கிறது என்று அதற்கு ஞானம் வந்துவிட்டது. உறவு வேண்டும் என்கிறது. உடனே தராசுக் கட்சி, "கொலைகாரனோடு கைகுலுக்கலா?" என்கிறது. அதே வாசகம், ஒரு எழுத்து மாறவில்லை. கறுப்புச் சட்டைகளைக்கூடக் கடன் வாங்கிக்கொண்டார்களோ என்னவோ.

ஒப்பந்தத்தில் பதினெட்டுப் பிரிவுகள். வாசலக்கா வீட்டில் அக்கறைப்பட்டது ஐந்தாம் பிரிவு ஒன்றைப் பற்றித்தான். பிடித்து வைக்கப்பட்ட கடலோடிகளை இரண்டு பக்கமும் முப்பது நாளுக்குள் விட்டுவிட வேண்டும்.

அவள் புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். பதினாறு வயதிலிருந்து தராசுக் கட்சி. அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "மச்சானைப் புடிச்சு வெச்சிருக்கறவன்கிட்டயே போய்ச் சிரிச்சுக்கிட்டு நிக்கணுமா? இன்னிக்கு விட்டுட்டு நாளைக்கு இன்னும் நாலு பேரைப் புடிப்பான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஒப்பந்தம் போடுவோமா?" என்றான், ஓட்டெடுப்பு அன்று காலை டீ குடிக்கும்போது.

அண்ணனைப் பிடித்ததிலிருந்து இவர்கள் வீட்டிலேயே இருந்த அண்ணி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கை குலுக்குங்க, கட்டிப் புடிங்க, கால்ல வேணாலும் விழுங்க. என் புருஷனைக் கொண்டாங்க" என்றாள்.

"நான் மட்டும் வேணாம்னா சொல்றேன்? மச்சான் வரணும். ஆனா இப்படி வரணுமாங்கறேன்."

"எப்படி வந்தா என்ன, வந்தா சரி" என்று அண்ணி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவன் பேச்சு அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை.

வாசலக்கா டீ டம்ளர்களை எடுத்துக் கழுவப் போனாள். அவளுக்கு அக்கரை என்ற பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். அந்த ஒப்பந்தம் நிறைவேற வேண்டும் என்று அதே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டும் இருந்தாள். செய்தித்தாள்கள் தலை எண்ணிப் போட்டிருந்தன. குடைக் கட்சியில் ஐந்து பேர் தங்கள் தலைவரின் பழைய பேச்சையே எடுத்துக்காட்டி எதிர்த்து ஓட்டுப் போடப்போகிறார்கள். தராசுக் கட்சியில் மூன்று பேர் தங்கள் தலைவரின் பழைய பேச்சை எடுத்துக்காட்டி ஆதரிக்கப்போகிறார்கள். கூட்டிக் கழித்தால் ஆம் அறுபது, இல்லை அறுபத்தொன்று. ஒரே ஒரு ஆள்தான் வித்தியாசம். பஸ்ஸில் போகும்போது அந்த ஒரு ஆளை நினைத்து நினைத்து அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள். பஸ் நிலையத்தில் மூன்று வருஷம் கத்தியவள்!

பதினோரு மணிக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. தாழ்வாரமெல்லாம் ஓட்டம். சிற்றுண்டிச் சாலையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள், தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள், காலில் கட்டோடு சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்பட்ட ஒருவர். பார்வையாளர் மாடத்தில் ஊசி விழ இடமில்லை. தராசுக் கட்சியின் கொறடா, நாற்பது வயதுக்குள் இருக்கிற துறுதுறுப்பான ஆள், தன் கட்சிக்காரர்களை வரிசை வரிசையாகத் தலை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் பெரியவர் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பத்தொரு வயது, காதும் மந்தம். கொறடா அவர் தோளை உலுக்கி, "ஐயா, ஓட்டு! எந்திரிங்க!" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடினார்.

மணி ஓய்ந்தது. கதவுகள் பூட்டப்பட்டன. வாசலக்கா ஆம் வாசலில் போய் நின்று கண்ணைப் படிமேல் வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு எண்ணுகிறவர் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆள் தாண்டினால் ஒரு கோடு கிழித்து, எண்ணை வாய்விட்டுச் சொல்வது அவர் வேலை. பத்தொன்பது வருஷமும் இந்த ஜோடிதான்.

"ஆம் வாசல்!" தேய்ந்த குதிகால் தாண்டியது. "ஒண்ணு."

"ஆம் வாசல்!" கீச்சுச் செருப்பு. "ரெண்டு."

குரல் கணீரென்று இருந்தது. மாடத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது. ஐம்பது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. அறுபதாவதாகச் சக்கர நாற்காலி வந்தது. அவள் சொன்னாள், சக்கரம் படியேறி இறங்கியது, எண்ணுகிறவர் "அறுபது" என்றார். அதோடு சரி. படி காலியாக இருந்தது. செய்தித்தாள்காரன் எழுதிய மாதிரியே அறுபது. அண்ணியிடம் போய் என்ன சொல்வது, இன்னும் எத்தனை கறுப்பு மைக் கடிதம் என்று ஓடியது வாசலக்காவின் மனசு.

அப்போது ஒரு நாடா தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. பின்னால் பழுப்பு கான்வாஸ் ஷூ.

அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அக்கரை விஷயம் என்றால் இந்தக் கால்கள் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஆம் வாசலுக்குத்தான் போயிருக்கின்றன. தூக்கக் கலக்கத்தில் இப்போதும் தாமாகவே இங்கே வருகின்றன. கட்சி பேச்சை மாற்றிக்கொண்டதைக் காலுக்கு யாரும் சொல்லவில்லை. இவர் தாண்டினால் அறுபத்தொன்று. தாண்டினால் அண்ணன் வீட்டுக்கு வருவான். இவள் வழக்கம்போல ஒரு சத்தம் போட்டால் கிழவர் திடுக்கிட்டு விழித்து, "அடடா" என்று திரும்பிப் போய்விடுவார்.

ஷூ படிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது. வாசலக்கா வாயைத் திறந்தாள்.

"ஆம் வாசல்."

சொன்னாள். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிறந்ததிலிருந்து இல்லாத அதிசயமாக அந்தக் குரல் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, உதட்டைத் தாண்டிக் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. கான்வாஸ் ஷூ படியைத் தாண்டியது. எண்ணுகிறவர் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோட்டைக் கிழித்தார். "அறுபத்தொண்ணு."

அவளுக்குச் சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. உள்ளேயிருந்து பெரியவரின் குரல் கேட்டது. "இதென்னய்யா, இங்க நம்ம ஆளுங்க யாரையும் காணோம்?" அதற்குக் குடைக் கட்சிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் கூரை பெயர்ந்து விழுகிற மாதிரி இருந்தது. ஒருவர் அவரைக் கட்டிப் பிடித்து, "வாங்க வாங்க, உங்களுக்குத்தான் இத்தனை நேரம் இடம் போட்டு வெச்சிருந்தோம்" என்றார்.

எல்லோரும் மன்றத்துக்குத் திரும்பினார்கள். எண்ணிக்கைச் சீட்டு சபாநாயகர் கைக்குப் போவதற்குள் கொறடா எழுந்துவிட்டார். "தலைவர் அவர்களே, இந்த ஓட்டு செல்லாது! எங்க மூத்த உறுப்பினர் தவறுதலா அந்த வாசல்ல போயிட்டார். அவருக்கு வயசாயிடுச்சு, பாவம், எது எந்தப் பக்கம்னுகூடத் தெரியாத நிலைமை. எங்க இருக்கோம், என்ன பண்றோம்னு அவருக்குப் புரியறதே இல்லை. வாசல் சரியாச் சொன்னாங்களான்னு கேளுங்க! சொல்லலைன்னா அவர் ஓட்டை மாத்திப் போட விதி இருக்கு!"

குடைக் கட்சிப் பக்கத்திலிருந்து கேலி. "முழிச்சுக்கங்க தாத்தா!" "பால் புட்டி குடுங்கப்பா!" தராசுக் கட்சிப் பக்கத்திலிருந்து உச்சுக் கொட்டல். பெரியவர் மூன்றாம் வரிசையில் குனிந்து தன் ஷூ நாடாவைக் கட்டப் பார்த்தார். விரல் ஒத்துழைக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் கட்டினார். காது முழுக்க மந்தம் இல்லையே, கேட்டதெல்லாம் கேட்டுத்தான் இருக்கும்.

சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். "ஆம் வாசல் காப்பாளர் முன்னால் வரவும்."

அந்த மன்றத்தில் காப்பாளர்கள் இரண்டு சொல்லுக்கு மேல் பேசியதாக வரலாறே இல்லை. வாசலக்கா போய் நடுக்கூடத்தில் நின்றாள். சபாநாயகர் முதலில் எண்ணுகிறவரைக் கேட்டார். அவர் எழுந்து, அவள் பக்கம் திரும்பாமல், "சொன்னாங்க. என் காதில விழுந்தது" என்று பளிச்சென்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பத்தொன்பது வருஷப் பழக்கத்துக்கு அந்த மனிதர் செய்த மரியாதை அது.

"காப்பாளரே, மூன்றாம் வரிசை உறுப்பினருக்கு வாசல் சொன்னீர்களா?"

'சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்தது. பொய்யும் இல்லை. அண்ணனுக்காக ஒரு பொய் என்ன, ஒன்பது பொய் சொல்லவும் அவள் தயார்தான். ஆனால் கண் மூன்றாம் வரிசைக்குப் போயிற்று. கிழவர் இன்னும் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். புத்தி பிசகிவிட்டது, பால் புட்டி கொடுங்கள் என்று ஊரே பார்க்க அவரைப் பேசுகிறார்கள். இவள் தொண்டையில் ஒளித்து வைத்த சத்தத்துக்கு அந்த மனுஷர் தலை குனிகிறார். அதைத் தாங்க அவளால் முடியவில்லை.

"சொன்னேன்ங்க" என்றாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, மாடத்தின் கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி, "ஆனா மத்தவங்களுக்குச் சொன்ன சத்தத்துல சொல்லலை. மெதுவாச் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன். ஐயா மேல தப்பு இல்லைங்க. அவருக்குப் புத்தியில ஒரு குறையும் இல்லை. தப்பு என் மேல" என்றாள்.

மன்றத்தில் கிளம்பிய கூச்சலை எந்தச் சுத்தியலாலும் அடக்க முடியவில்லை. "வேலையை விட்டுத் தூக்கு!" என்று ஒரு பக்கம். "சபாஷ்!" என்று ஒரு பக்கம். கொறடா மேஜைமேல் ஏறாத குறைதான். "இவ அண்ணன் அக்கரை ஜெயில்ல இருக்கான், தலைவர் அவர்களே! அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன்! அதுக்குத்தான் இந்த வேலை பண்ணியிருக்கா!"

வாசலக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று. அண்ணனைத் தன் வாயாலேயே மறுபடி உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டாள். அண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பது?

கூச்சல் கொஞ்சம் தணிந்ததும் சபாநாயகர் சொன்னார்: "வாசல் விதிப்படி சொல்லப்படவில்லை. ஆகவே உறுப்பினர் தன் ஓட்டு எந்தப் பக்கம் என்று இப்போது வாயால் சொல்லலாம்."

பெரியவர் நாடாவை விட்டுவிட்டு எழுந்தார். முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொறடா ஓடிப் போய் அவர் காதருகே, "இல்லைன்னு சொல்லுங்கய்யா, ஒரே வார்த்தை, இல்லை" என்றார்.

"இருப்பா தம்பி" என்று பெரியவர் அவரைக் கையால் ஒதுக்கினார். "தலைவர் அவர்களே, எனக்குக் காது மந்தம்தான். அந்தம்மா சத்தமாச் சொல்லியிருந்தா முழிச்சிருப்பேன், திரும்பிப் போயிருப்பேன். அது உண்மை. உள்ளே போய் ஆளுங்களைப் பார்த்ததும், ஐயோ தப்பா வந்துட்டோமேன்னு பதறினேன். அதுவும் உண்மை. இப்ப உக்காந்து யோசிச்சேன். ஏன் பதறினேன்? கட்சி திட்டுமேன்னு. வேற காரணம் ஏதாவது இருக்கான்னு தேடிப் பார்த்தேன். ஒண்ணும் ஆப்படலை."

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு மூணு மணி நேரம் பேசினேன், அந்த நாட்டோட பேசுங்கன்னு. பேசச் சொன்னதே என் கட்சிதான். அந்த நாடு அன்னிக்கும் யோக்கியம் இல்லை, இன்னிக்கும் இல்லை. யோக்கியமானவன்கூடப் பேசறதுக்கு ஒப்பந்தம் எதுக்குய்யா? இப்ப நடுவுல பதினோரு பேர் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. அன்னிக்குச் சரின்னு பட்டது இன்னிக்குத் தப்பாப் போறதுக்கு நாங்க நாற்காலி மாறி உக்காந்ததைத் தவிர வேற என்ன நடந்துச்சு?" கொறடா பக்கம் திரும்பினார். "எங்க இருக்கோம்னு எனக்குத் தெரியலைன்னு சொன்னே இல்ல தம்பி? நல்லாத் தெரியுது. என் ஓட்டு ஆம். எழுதிக்குங்க."

ஆம் அறுபத்தொன்று, இல்லை அறுபது. சபாநாயகர் அதைப் படித்து முடிப்பதற்குள் மாடம் எழுந்து நின்றுவிட்டது. யாரோ தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். வாசலக்கா நடுக்கூடத்தில் நின்றபடி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். எண்ணுகிறவர் வந்து, "போய்க் கதவைத் திறங்க, சாவி உங்க கிட்டதானே இருக்கு" என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கதவைத் திறந்த கையோடு புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் கட்சி அலுவலகத்தில் வானொலி பக்கத்தில் இருந்தான். "என்னடி பண்ணி வெச்சே? இங்க உன்னைத் திட்டித் தீர்க்கறாங்க. எனக்குத் தலை காட்ட முடியலை" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சான் வந்துடுவாரா?" என்றான்.

செயலாளர் சும்மா விடவில்லை. ஒரு மாதம் வாசல் பக்கமே வரக் கூடாது, நாடாளுமன்ற நூலகத்தில் புத்தகம் அடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். 'அமைதி காக்கவும்' என்று நாலு சுவரிலும் எழுதிய இடம். அவள் மூச்சு விட்டாலே நூலகர் திரும்பிப் பார்ப்பார். வாசலக்கா வாயை மூடிக்கொண்டு, நாள்காட்டியில் முப்பதை எண்ணிக்கொண்டு அடுக்கினாள்.

இருபத்தேழாம் நாள் காலையில் கப்பல் வந்தது. பதினோரு பேரும் ஏணியில் இறங்கினார்கள். ஒன்பதாவதாக அண்ணன். சட்டை தோளில் தொங்கியது, முடி பாதி நரைத்திருந்தது, நடை மட்டும் அதே நடை. அண்ணி போய் அவன் மார்பில் முட்டிக்கொண்டு நின்றாள். வாசலக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், நாற்பத்தாறு வயதில்.

புருஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கட்சி கிட்சி எல்லாம் அன்றைக்கு மறந்துபோயிற்று. "உங்க தங்கச்சிதான் மச்சான் எல்லாத்துக்கும் காரணம்! ஒரே ஓட்டு! இவ மட்டும் இல்லைன்னா ஒப்பந்தமே கிடையாது!" என்று துறைமுகத்திலேயே முழுக் கதையையும் கொட்டினான்.

கேட்கக் கேட்க அண்ணன் முகம் மாறியது. தங்கை பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான்.

"என்ன காரியம்டி பண்ணே? அவங்களோட ஒப்பந்தமா? தூதரகம் திறக்கப் போறாங்களா? எங்களை எப்படி வெச்சிருந்தான் தெரியுமா? நான் மட்டும் அந்த மன்றத்துல இருந்திருந்தா ஓடிப் போய் இல்லை வாசல்ல நின்னிருப்பேன்! பக்கத்து அறையில ஒரு பத்திரிகைக்காரன். அவங்க நாட்டுக்காரன்தான். நான் கிளம்பறப்ப செவுத்தைத் தட்டி, போயிட்டு வாங்கன்னான். அவன் இன்னும் அங்கதான் இருக்கான். அவனுக்கு எந்தப் பிரிவுல என்ன எழுதியிருக்கு, சொல்லு பார்ப்போம்!"

"அதைத்தான் மச்சான் நானும் சொன்னேன்!" என்று புருஷன் பட்டென்று பழைய கட்சிக்குத் தாவிவிட்டான்.

அந்தப் பத்திரிகைக்காரனுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை என்று வாசலக்காவுக்குத் தெரியும். நூலகத்தில் பதினெட்டுப் பிரிவையும் படித்திருந்தாள். முகம் தெரியாத அந்த ஆள் இன்னும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தான். ஆனாலும் என்ன செய்வது, உள்ளே சந்தோஷம் பொங்கிக்கொண்டுதான் வந்தது. அண்ணன் கையை ஓங்கி ஓங்கிப் பேசுகிறான். கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒரு சொல்லின் மேலும் கறுப்பு மை இல்லை.

"ரெண்டு பேரும் முதல்ல வண்டியில ஏறுங்க, வீட்டுல போய்ச் சண்டை போட்டுக்கலாம்" என்று அண்ணி அதட்டினாள். அண்ணன் திட்டிக்கொண்டே ஏறினான். ஏறி உட்கார்ந்தும் நிறுத்தவில்லை. வாசலக்கா அவனுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, அவன் கையை மறுபடியும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"திட்டுண்ணே" என்றாள். "வீடு போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்."